லாக் செய்திக்கு முற்றுப்புள்ளி உண்டா?

கேள்வி: மென்பொருள் லாகில் எழுதும் பிழைச்செய்திகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கலாமா?

பதில்: வாக்கியம் முடிந்தால் அல்லவா புள்ளி வைப்பது! நிரலின் அடியாழத்தில் பிறக்கும் பிழைச்செய்தியானது, மேலே இருக்கும் பகுதிகள் ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில சொற்களையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்க்கச் சேர்க்க வளர்ந்து, கடைசியில் ஒரே வரியாக லாகில் வந்து விழுவதால், அதன் நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தோ முற்றுப்புள்ளியோ கிடந்தால் சோற்றில் கல்லாக நெருடும் என்று கருதியே ‘கோ’ நிரல்மொழியினர் இரண்டையும் விலக்கினார்கள்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நடை விதிகளோ இன்னும் சூக்ஷ்மமானவை. தலைமைச் செய்திக்குப் புள்ளி கிடையாது; அதன்கீழ் வரும் விவரமும் யோசனையும் முழு வாக்கியங்களாதலால் அவற்றுக்குப் புள்ளி அவசியம். ஆச்சரியக்குறியை நினைக்கவே கூடாதாம்! அதைவிட என் மனத்தைக் கவர்ந்தது வினைச்சொல்லைப் பற்றிய விதி. கோப்பைத் ‘திறக்க முடியவில்லை’ என்றால், வட்டு நிரம்பியதுபோல் ஏதோ தற்காலிகத் தடை, மறுபடி முயலலாம் என்று பொருள். ‘முடியாது’ என்றால் அந்தக் காரியம் அந்த நிரலால் என்றைக்குமே ஆகாது. நடுநிசியில் சர்வர் நின்றுபோய், தூக்கக் கண்களோடு லாகைப் புரட்டுகிறவர் காத்திருப்பதா, வேறு வழி தேடுவதா என்பதை அந்த ஒரு விகுதியே சொல்லிவிடுகிறது.