சிமெண்ட் கம்பெனி டீம்

2008 பிப்ரவரியில் மும்பையில் ஓர் ஏலம் நடந்தது. அதுவரை எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஏலமெல்லாம் அடகுக்கடைக்காரர் பேப்பரில் பொடி எழுத்தில் போடும் ஏலம்தான். நகைக்குப் பதில் ஆளை ஏலம் விடுகிறார்கள் என்றதும், திருவல்லிக்கேணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ராஞ்சிக்காரர் மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு ஐ.பி.எல். கிரிக்கெட்டின் சென்னை அணி எடுத்தது. அன்றைய கணக்கில் 6 கோடி ரூபாய், அந்த ஏலத்திலேயே அதிக விலை. "ஆறு கோடியா? கிரவுண்டையே வாங்கிடலாமேடா" என்றார் பெரியப்பா.

அதே தோனியை 2025 சீசனுக்கு அணி 4 கோடிக்குத் தக்க வைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? இந்தியாவுக்காக ஆடாத புதுப் பையன்களுக்கான 'அன்கேப்டு' பிரிவில். ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் அந்தக் கணக்கில் வரலாம் என்று ஒரு விதி. உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய கேப்டன், 43 வயதில் நாடறியாத இளைஞராக மறுபிறவி எடுத்தார். கிரிக்கெட்டில் விதி என்றால் நம் ஜோசியர்கள் சொல்லும் விதியேதான், யாருக்கு எப்போது வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

பெரியப்பாவின் ஆட்சேபணை விலையோடு நிற்கவில்லை. சென்னை அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது இந்தியா சிமெண்ட்ஸ். "சிமெண்ட் விக்கிறவன் வாங்கின டீமுக்கு நம்ம ஊர் பேரு எதுக்கு? கம்பெனி டீம்டா இது." இதைச் சொன்னவர் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வங்கிக்கும் சென்னை லீக்கில் ஒரு டீம் இருந்தது. கிரிக்கெட் கோட்டாவில் சேர்ந்த பையன்கள் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் கிட் பையைத் தூக்கிக்கொண்டு நெட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எழுத வேண்டிய லெட்ஜரைப் பல வருடம் எழுதியது சாட்சாத் பெரியப்பாதான்.

சென்னையில் கிரிக்கெட் என்பதே கம்பெனிகளின் தயவில் ஓடிய வண்டி. இந்தியா சிமெண்ட்ஸ், கெம்ப்ளாஸ்ட், ஸ்பிக் என்று ஆலை வைத்திருந்தவர்களெல்லாம் டீமும் வைத்திருந்தார்கள். கர்நாடகத்தின் ராகுல் திராவிட்கூட இந்தியா சிமெண்ட்ஸின் சம்பளப் பட்டியலில் இருந்தவர். ஐ.பி.எல். செய்ததெல்லாம் அந்தக் கம்பெனி டீமுக்கு மஞ்சள் சாயம் அடித்து, விளக்கைப் போட்டு, மைக் செட் வைத்ததுதான்.

முதல் வருட அணியை இன்றைக்கு நினைத்தால் லீக் ஸ்கோர் ஷீட்டைப் படிப்பதுபோல் இருக்கும். பத்ரிநாத், பாலாஜி, வித்யுத் சிவராமகிருஷ்ணன், அனிருத்தா ஸ்ரீகாந்த், பழனி அமர்நாத், நெப்போலியன் ஐன்ஸ்டைன். (கடைசிப் பெயர் என் கற்பனை இல்லை. ஐன்ஸ்டைன் ஆடிய ஒரே ஐ.பி.எல். அணி என்று நாங்கள் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம்.) ஒவ்வோர் அணியிலும் உள்ளூர்க்காரர்கள் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும் என்று அப்போது விதி. அதைச் சுமையாக யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராக பாலாஜி எடுத்ததுதான் ஐ.பி.எல்லின் முதல் ஹாட்ரிக். முதுகு வலியால் ஆட்டமே முடிந்தது என்று ஊர் எழுதிவிட்ட ஆள், மூன்றாவது விக்கெட் விழுந்ததும் அதே பழைய சிரிப்பைச் சிரித்தார். பெரியப்பா அன்றைக்குக் கைதட்டினார். கேட்டதற்கு, "பையன் நம்ம பையன், டீம்தான் கம்பெனி டீம்" என்று ஒரு தீர்ப்பு.

அடுத்த வருடமே அஸ்வினும் முரளி விஜய்யும் களமிறங்கினார்கள். 2011 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். விஜய் 52 பந்தில் 95. பெங்களூரு ஆட வந்ததும் தோனி புதுப் பந்தை அஸ்வின் கையில் கொடுத்தார். அந்த சீசனில் எல்லாப் பந்துவீச்சாளர்களையும் விரட்டி விரட்டி அடித்துக்கொண்டிருந்த கிறிஸ் கெயில், முதல் ஓவரிலேயே ரன் எடுக்காமல் தோனியிடம் கேட்ச் கொடுத்துவிட்டுப் போனார். மேற்கு மாம்பலத்துப் பையன் ஜமைக்கா ராட்சசனைச் சாய்த்த அந்த நிமிடத்தில்தான் கம்பெனி டீம் ஊர் டீம் ஆனது என்பது என் கட்சி. கோப்பை 2010லேயே வந்துவிட்டது, அது வேறு.

கூட்டமும் மாறியது. சேப்பாக்கம் என்றால் பொங்கல் டெஸ்ட். தூக்கில் புளியோதரை, தயிர்சாதம், காதில் டிரான்சிஸ்டர், அதில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை. 1999இல் பாகிஸ்தான் 12 ரன்னில் நம்மைத் தோற்கடித்தபோது எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் அது. உலகமே மெச்சியது. பின்னாளில் அதே மைதானத்தில் ஜடேஜா அவுட் ஆனால் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜடேஜா அப்போது நம் அணிதான். அவர் போனால் தோனி வருவார், அதற்காக. தான் மேல் வரிசையில் இறங்கினால் எப்போது அவுட் ஆவோம் என்று ஜனங்கள் காத்திருப்பதாக ஜடேஜாவே 2023இல் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு எதிரியின் வெற்றிக்குக் கைதட்டல், பின்னாளில் நம் விக்கெட்டுக்கே கைதட்டல். பெருந்தன்மை வளர்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் கதையை விரித்தால் வயிறு எரியும். 2024இல் ஆகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய், அதுவும் கம்ப்யூட்டர் வரிசையில் நமக்கு முன்னால் லட்சக்கணக்கானவர்கள் நின்றது போக மிச்சம் இருந்தால். அந்த வருடம் மெட்ரோ ரயில் மட்டும் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் இலவசம். உள்ளே புளியோதரைக்கு அனுமதி இல்லை.

தடைக் கதை ஊருக்கே தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013இல் உரிமையாளர் வீட்டு மாப்பிள்ளை சூதாட்ட வழக்கில் கைதானார். அதுவரை அணியின் 'டீம் பிரின்சிபல்' என்று வலம் வந்தவர், கைதான பிறகு வெறும் கிரிக்கெட் ஆர்வலர். இந்த விளக்கத்தை நீதிபதிகள் ரசிக்கவில்லை. 2015 ஜூலையில் நீதிபதி லோதா குழு அணிக்கு இரண்டு வருடத் தடை விதித்தது. தோனி புனேவுக்காக ஆடினார். நம் ஜனங்கள் கொஞ்சமும் கூசாமல் புனே ஸ்கோரைக் கேட்டார்கள்.

2018இல் திரும்பி வந்தால், ஊரில் காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது, அதிலும் மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மிச்ச ஆட்டங்களெல்லாம் எங்கே போயின? புனேவுக்கு. சென்ட்ரலிலிருந்து 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயில் பிடித்து ரசிகர்கள் அங்கே போனார்கள். முப்பது தாண்டிய கிழட்டு அணி என்று ஏலத்தன்றே கேலி செய்யப்பட்ட அணி அந்த வருடக் கோப்பையை வென்றது. வாட்சன் இறுதி ஆட்டத்தில் 117.

இலங்கை விஷயத்திலும் ஒரு தலைகீழ் உண்டு. 2013இல் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று மாநில அரசு சொன்னது. நம் அணியிலேயே இருந்த குலசேகர சேப்பாக்கத்தில் இறங்க முடியவில்லை. பத்து வருடம் கழித்து அதே இலங்கையின் பத்திரன பந்தைக் கையில் எடுத்தாலே விசில் காதைக் கிழித்தது. முதல் சீசனில் அணியின் விளம்பரத் தூதராக நின்ற நடிகர் விஜய்யும் 2024இல் சொந்தக் கட்சி தொடங்கிவிட்டார். அரசியலையும் கிரிக்கெட்டையும் கலக்கக் கூடாது என்று சொல்பவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது 2023 இறுதி ஆட்டம். அகமதாபாத்தில் மழை, ஒருநாள் தள்ளி நடந்த ஆட்டம், அதிலும் மழை. மே 30 விடியற்காலை ஒன்றரை மணிக்கு மேல் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தெருவில் பட்டாசு, ஐந்தாவது கோப்பை. எல்லாம் சரி. ஆனால் அன்று சென்னையைக் கிட்டத்தட்டத் தோற்கடித்தவர் யார்? குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்த சாய் சுதர்சன், சென்னைப் பையன், நம் சென்னை லீக்கிலும் மாநில லீக்கான டி.என்.பி.எல்லிலும் வளர்ந்தவர். குஜராத் அவரை ஏலத்தில் 20 லட்சத்துக்கு எடுத்திருந்தது. அந்த வருடம் டி.என்.பி.எல்லில் கோவை அணி கொடுத்ததே 21.6 லட்சம். அன்றிரவு கோப்பை வாங்கிய சென்னை அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் ஆடவில்லை. நான்கு உள்ளூர்க்காரர் விதி எப்போதோ போய்விட்டது. நடராஜனும் வருண் சக்ரவர்த்தியும் வாஷிங்டன் சுந்தரும் பேர் வாங்கியதெல்லாம் வேறு வேறு நிறச் சட்டைகளில். நம் வீட்டு வாசலிலேயே விளைந்ததை அடுத்தவன் அறுத்துக்கொண்டு போகிறான், நாம் அதே வாசலில் நின்று விசில் அடிக்கிறோம். 2025க்கு அஸ்வினை 9.75 கோடி கொடுத்து வீட்டுக்குத் திரும்ப அழைத்தார்கள். ஒரே சீசன், அத்தோடு அவர் ஐ.பி.எல்லுக்கே விடை சொல்லிவிட்டார்.

அந்த சீசனில்தான் அணி முதன்முறையாகப் பத்தாவது இடத்தைப் பிடித்தது. 14 ஆட்டத்தில் நான்கு வெற்றி. பெங்களூரு 2008க்குப் பிறகு முதல் தடவையாகச் சேப்பாக்கத்தில் வென்றுவிட்டுப் போனது.

பெரியப்பா இருந்திருந்தால் 2024 டிசம்பர் செய்தியைத்தான் ரசித்திருப்பார். இந்தியா சிமெண்ட்ஸை அல்ட்ராடெக் வாங்கிவிட்டது. கிரிக்கெட் அணி முன்பே தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால் அது கைமாறவில்லை. ஆலை போயிற்று, அதன் விளம்பரத்துக்காக வாங்கிய டீம் மட்டும் பழைய முதலாளியிடம் தங்கிவிட்டது. 'கம்பெனி டீம்' என்று சொல்ல இப்போது கம்பெனியே இல்லை.

இந்த அணியின் பெயரில் உள்ள ஊர் எங்கே இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. நம் லீக் இன்னும் நடக்கிறது. ஒரு நாள் மெரினா மைதானத்துக்கோ விவேகானந்தா கல்லூரி மைதானத்துக்கோ போங்கள். டிக்கெட் கிடையாது, கம்ப்யூட்டர் வரிசை கிடையாது, மரத்தடியில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். புளியோதரை கொண்டுபோனால் யாரும் தடுக்க மாட்டார்கள். நன்றாக ஆடும் பையன் கண்ணில் பட்டால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஊர்க்காரன் குறித்துக்கொள்வதற்கு முன்னால்.