ஈர்ப்பை வென்ற விமானம்: கம்பத்தில் கதை விடுவோர் கையேடு

முதலில் ஆளைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இரிடியம் கலசத்துக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்தவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. இடி விழுந்த கோபுரக் கலசம் அரிசியை இழுக்கும், அதை நாசா கோடிக் கணக்கில் வாங்கும் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, அமெரிக்க ராணுவம் புவியீர்ப்பை அணைத்துவிட்டுப் பறக்கிறது என்பது சின்ன விஷயம். சத்தமாகச் சொல்லாதீர்கள். டீயில் ஒரு வாய் குடித்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, "இது வெளிய தெரியக் கூடாதுண்ணே" என்று ஆரம்பியுங்கள். வெளியே தெரியக் கூடாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டுச் சரக்கை முன்னால் வைப்பதுதான் மரியாதை. வைமானிக சாஸ்திரம் என்ற விமான நூலை எடுங்கள். பரத்வாஜ முனிவர், பாதரசம், ருக்ம விமானம் என்று அடுக்குங்கள். ஆனேக்கல்லில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி 1918 முதல் 1923 வரை சொல்லச் சொல்ல எழுதிய நூல் அது என்பதையும், மைசூரில் ஜோசியர் என்ற பெயர்கொண்டவர் 1952இல்தான் அதை வெளியே சொன்னார் என்பதையும் டீயோடு சேர்த்து விழுங்கிவிடுங்கள். "ஏழாயிரம் வருஷம்" போதும். 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அந்த விமானங்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒன்றுகூடப் பறக்காது, நூலும் 1904க்கு முந்தியதல்ல என்று எழுதிவைத்தார்கள். யாராவது அதை எடுத்தால், "அவங்களை அப்படி எழுதச் சொல்லிட்டாங்க" என்று பெருமூச்சு விடுங்கள். 2015 மும்பை அறிவியல் மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப்பட்டதை மட்டும் தாராளமாகச் சொல்லலாம். அது நடந்தது. இந்தத் தொழிலில் நமக்கு உதவுகிற உண்மை அபூர்வம், வீணாக்கக் கூடாது.

அடுத்து பி-2 குண்டுவீச்சு விமானம். டவுன்சென்ட் பிரவுன் என்ற அமெரிக்கர் 1920களிலேயே உயர் மின்னழுத்தத்தால் ஈர்ப்பை அசைத்துவிட்டார், அந்த வித்தை பி-2 இறக்கையின் முன்விளிம்பில் ஒளிந்திருக்கிறது என்று 1990களிலிருந்து ஒரு பேச்சு உண்டு. பிரவுன் கண்டது நிஜம்தான், அவர் சொன்ன காரணம்தான் தப்பு. மின்னழுத்தம் காற்றை அயனியாக்கித் தள்ளுகிறது. காற்றை எடுத்துவிட்டால் உந்தலும் போய்விடும். இதே அயனிக் காற்றை வைத்து எம்.ஐ.டி.யில் 2018இல் ஒரு குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். எடை 2.45 கிலோ, நம்மூர் பன்னீர் திராட்சை இரண்டரை கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 40,000 வோல்ட் கொடுத்து அது போன தூரம் 60 மீட்டர். பி-2வோ கிளம்பும்போது 150 டன்னைத் தாண்டும்.

இந்த இடத்தில் லாரி ஓட்டுகிறவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் ஈரானில் குண்டு போட அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து கிளம்பிய பி-2 விமானங்கள் வழியில் பல தடவை நடுவானில் எண்ணெய் நிரப்பிக்கொண்டன. சாதாரண ஜெட் எண்ணெய், நான்கு சாதாரண ஜெட் எஞ்சின். கனத்தைத் தொலைத்த வண்டிக்கு எதற்குய்யா இவ்வளவு டீசல் என்று லாரிக்காரர் கேட்டுவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும்.

அப்படிப் படுத்தால் காகிதத்தைக் காட்டி எழுப்பலாம். சால்வதோர் பைஸ் என்பவர் கண்டுபிடிப்பாளர், அமெரிக்கக் கடற்படை உரிமையாளர், நிறையைக் குறைத்துப் பறக்கும் கலத்துக்கு 2018இல் காப்புரிமையே தந்திருக்கிறார்கள். பத்திரம் இருந்தால் நிலம் இருக்கும் என்று நம்புகிற ஊரில் இதற்கு மதிப்பு அதிகம். அதே கடற்படை மூன்று வருடம், ஐந்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, பைஸ் சொன்ன விளைவைச் சோதித்துப் பார்த்தது. 2019இல் முடித்தபோது ஒன்றும் நிரூபணமாகவில்லை. அந்தப் பக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

உள்ளூர் தொடுப்பு இல்லாவிட்டால் கதை நிற்காது. கவலை வேண்டாம், பொட்டிப்புரம் இருக்கிறது. அம்பரப்பர் மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பு வைத்து நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிக்க 2015இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. வழக்கு, போராட்டம் எல்லாம் தாண்டி, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் முடியாது என்று சொல்லிவிட்டது. மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி, அதை உங்கள் கதையில் கலக்காதீர்கள். நமக்கு வேண்டியது குகை மட்டும். அதுவும் தோண்டப்படாத குகை! உள்ளே பறக்கும் தட்டு இல்லை என்று யாரால் போய்ப் பார்த்துச் சொல்ல முடியும்?

ஆனால் லோயர் கேம்ப் பக்கம் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். மேலே மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. பெரியாற்றுத் தண்ணீர் அவற்றில் விழுந்து மின்சாரம் தந்துவிட்டு, பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்குப் போகிறது. மடை பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் உங்கள் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, ஈர்ப்ப அணைச்சுப்புட்டா மேல கெடக்குற தண்ணி கீழ எப்பிடிய்யா வரும்?" என்பார். அதற்கான பதில் இந்தக் கையேட்டில் இல்லை. குமுளி பஸ் வந்தால் ஏறிவிடுங்கள்.