கான்கூனுக்கு ஊறுகாய் வேண்டுமா?

கேள்வி: குடும்பத்தோடு மெக்சிகோவின் கான்கூன் கடற்கரை விடுதிக்குப் போகிறோம். சாப்பாடு, பானம் எல்லாம் கட்டணத்திலேயே அடக்கமாம். மனைவி ஊறுகாய் எடுத்து வைக்கிறார். தேவையா?

பதில்: மிளகாய் நமக்கு வந்ததே அந்தப் பக்கத்திலிருந்துதான். கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா? அங்கே ஹபனேரோ என்றொரு மிளகாய் உண்டு; ருசி பார்த்தபின் உங்கள் ஊறுகாயைத் தயிராக நினைத்துத் தொட்டுக்கொள்வீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது, எல்லாம் அடக்கம் என்பதற்கு அடையாளமாக விடுதியில் கையில் மாட்டும் பட்டையைப் பற்றி. காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டாத மாதிரி, 'கட்டிய காசு வசூலாகவில்லையே' என்று பந்தியை விட்டு நகரமாட்டீர்கள். (நானும் அந்த ஜாதிதான்.) ஒரு நாளாவது அறுத்துக்கொண்டு கிளம்புங்கள். பட்டையை அல்ல, ஆசையை. சுமார் 200 கிலோமீட்டரில் சிச்சென் இட்சா; அங்கே மாயர்கள் கட்டிய பிரமிடு. ஏறத் தடை, உங்கள் முழங்காலுக்கு நல்ல செய்தி.

கோடையில் போனால் கரையில் சர்காசம் என்ற கடற்பாசி பழுப்பாக ஒதுங்கிக் கிடக்கலாம். அழுகினால் அழுகிய முட்டை வாடை. அப்போது அந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கலாம். ஆக, எடுத்துப் போங்கள். மனைவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.