இருபத்தைந்து எடுத்த குழந்தை

தமிழ்நாட்டில் முப்பத்தைந்துக்குக் கீழே போனால் ஃபெயில். இது நம் ரத்தத்தில் ஊறிப்போன சங்கதி. அதனால்தான் எட்டு மாதக் குழந்தையின் எடை இருபத்தைந்தாவது பெர்சென்டைல் என்று டாக்டர் சொன்னதும், அன்னூர் நால்ரோட்டில் பஸ் ஏறுவதற்குள் பெற்றவர்களுக்கு முகம் தொங்கிப்போகிறது. வீட்டில் பாட்டி, கொங்கு வழக்கில் அமுச்சி, கேட்பது ஒரே கேள்வி: “ஏங்கண்ணு, நூத்துக்கு இருவத்தஞ்சுதானா?” இன்னும் தவழவே ஆரம்பிக்காத பிள்ளைக்கு அரியர் விழுந்தாயிற்று. டியூஷன் மாஸ்டர் ஒருவர்தான் பாக்கி.

பெர்சென்டைல் மார்க் அல்ல, வரிசையில் நிற்கும் இடம். ஒரே வயதுள்ள, நன்றாக இருக்கிற நூறு ஆண் குழந்தைகளை எடைப்படி நிறுத்தினால், இந்தப் பிள்ளைக்கு முன்னால் கால்வாசிப் பேர் இவனைவிட லேசானவர்கள், பின்னால் முக்கால்வாசிப் பேர் கனமானவர்கள். சொல்ல வருவது அவ்வளவே. டாக்டர் பார்க்கும் வளர்ச்சிப் படத்தில் ஒரு வயது ஆண் குழந்தைக்கு நடுக்கோடு, அதாவது ஐம்பதாவது பெர்சென்டைல், 9.6 கிலோ. மூன்றாவது பெர்சென்டைல் கோடு ஏறக்குறைய 7.8, தொண்ணூற்றேழாவது 11.8. நடுவில் நாலு கிலோ இடைவெளி இருக்கிறது. அத்தனையும் ஆரோக்கியமான பிள்ளைகளின் எடைதான். ஊரிலுள்ள எல்லாக் குழந்தையும் ஐம்பதுக்கு மேலே இருக்கவேண்டும் என்று ஆசைப்படலாம், ஆனால் வரிசை என்று ஒன்று இருந்தால் பாதிப் பேர் அதற்குக் கீழேதான் நின்றாக வேண்டும். அது கணக்கின் குணம், தாய்ப்பாலின் குறை அல்ல.

தாய்ப்பாலின் மேல் பழி விழுந்ததற்கு அமுச்சியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. 1977-இல் அமெரிக்காவில் வெளியான வளர்ச்சிப் படம்தான் பிறகு உலகம் முழுக்கச் சுற்றியது. அதில் கைக்குழந்தைகளுக்கான கோடுகள் ஒஹையோ மாநிலத்தின் ஒரே வட்டாரத்தில், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை அளந்து போட்டவை. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை முதல் சில மாதம் மளமளவென்று ஏறி, அப்புறம் நிதானமாகும். புட்டிப்பால் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நிதானம் சரிவாகத் தெரிந்தது. “பால் பத்தலை, டின் வாங்கு” என்று படமே சொல்லாமல் சொன்னது; அமுச்சி அதை வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். 1992-இல் இந்தியாவில் வந்த சட்டம் பால்பவுடர் டின்னின் மேல் குழந்தைப் படம் போடக்கூடாது என்று தடுத்தது. கொழுகொழு குழந்தை டின்னைவிட்டு இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டம்மாவின் கண்ணிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் புதுக் கோடுகளைக் கொண்டுவந்தது அந்தப் புட்டிப்பால் கோடுகளைத் திருத்தத்தான். உடனே ஒரு மறுப்பு வரும்: நார்வேக்காரன் பிள்ளையோடு நம்ம அன்னூர்ப் பிள்ளையை ஒப்பிடலாமா? கேட்கவேண்டிய கேள்வி. புதுக் கோடுகளுக்கு அடிப்படையான ஆய்வு நார்வேயில் மட்டும் நடக்கவில்லை; பிரேசில், கானா, ஓமன், அமெரிக்கா, நம் டெல்லி எல்லாம் சேர்த்து ஆறு நாடுகளில் எட்டாயிரத்துச் சொச்சம் குழந்தைகளை அளந்தார்கள். புகைபிடிக்காத தாய், தாய்ப்பால், வறுமையில்லாத வீடு என்று நிபந்தனை வைத்துப் பார்த்தபோது, உயர வித்தியாசத்தில் ஊர் காரணமானது சுமார் மூன்று சதவீதம்தான். பெரும்பங்கு ஒரே ஊருக்குள் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசம். ஆகவே “நம்ம சனமே இப்படித்தான்” என்று குட்டையாயிருப்பதற்கு இனத்தைச் சாக்குச் சொல்வது, குறைந்தபட்சம் ஐந்து வயது வரைக்கும், செல்லாது.

அப்படியானால் கோடு எங்கே நின்றாலும் கவலையில்லையா, எதற்கு மாசாமாசம் பால்வாடியில் எடை போடுகிறார்கள் என்று கேட்டால், கேட்பவர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. கவலைப்பட வேண்டியது எண்ணைப் பார்த்து அல்ல, போக்கைப் பார்த்து. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதைத்தான் செய்தது: ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாமல் தடுமாறுகிற பிள்ளைக்குச் சத்துணவு கொடுத்து, தேறியதும் நிறுத்துவது. பத்தாவது கோட்டிலேயே பிடிவாதமாக ஏறிக்கொண்டிருக்கிற பிள்ளையைவிட, எழுபத்தைந்திலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கிவந்த பிள்ளையைத்தான் டாக்டர் இரண்டாம் முறை பார்ப்பார். அதிலும் ஒரு விலக்கு உண்டு. பிறக்கும்போது பெரிதாகப் பிறந்து, அப்பா அம்மா சிறிய உடம்புக்காரர்களாயிருந்தால், முதல் இரண்டு வருஷத்துக்குள் பிள்ளை தன் குடும்பக் கோட்டுக்கு மெதுவாக இறங்கிவருவது சகஜம்.

இதெல்லாம் ஒழுங்காக அளந்தால்தான். வெள்ளிக் கொலுசு, அரணாக்கொடி, நனைந்த டயப்பர் சகிதம் தராசில் ஏறுகிற பிள்ளை ஒரு மாதம் கால் கிலோ கூடியிருக்கும். அடுத்த மாதம் கொலுசைக் கழற்றிவிட்டால் அது அப்படியே காணாமல் போகும். தொங்கு தராசுத் தொட்டிலில் பிள்ளை காலை உதைக்க, முள் ஆட, பால்வாடி டீச்சர் குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் பிடித்து எழுதுவார். உயரம் இதைவிட வேடிக்கை. இரண்டு வயது வரைக்கும் படுக்கவைத்து அளப்பார்கள், அதன்பிறகு நிற்கவைத்து. நின்றால் படுத்ததைவிடச் சற்றுக் குறையும். நேற்று படுத்திருந்தவன் இன்று நின்றதும் குட்டையாகிவிட்டான் என்றால் நம் வீடுகளில் அன்று சாயங்காலமே மிளகாய் சுற்றிப் போட்டுவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தாரோ, அந்த வயதில் கோட்டையே வெட்டி 0.7 செ.மீ. கீழே இறக்கி வரைந்திருக்கிறார்கள்.