ஸ்கோப்பா, முள்ளா?

போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கென்றே ஏற்ற விவாதம் இது: பாயிண்ட் டூ டூ ரைபிளுக்கு ஸ்கோப் மாட்டுவதா, குழல் நுனி முள்ளே போதுமா? மூடுபனி இறங்கிவிட்டால் ஸ்கோப் காட்டுவது பெரிதாக்கிய பனியை. முள் கட்சிக்கும் அதே பனிதான், இலவசமாக.

முள் கட்சி பெய்ஜிங் ஒலிம்பிக்கை இழுக்கும். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தொலைநோக்கிக்கு அனுமதியே கிடையாது. நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர். வாஸ்தவம். ஆனால் அந்தப் புள்ளி காட்டுப்பன்றியைப் போல ஏலக்காய்ச் செடியைக் கிளறிவிட்டு ஓடவில்லை.

காட்டுப்பன்றிக்குப் பாயிண்ட் டூ டூவின் சின்னக் குண்டு போதாது என்பது ஒருபுறம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால்தான் பன்றியைச் சுடலாம், சுடுவதும் வனத்துறையினரே. ஏலச்செடி காட்டு நிழலை விட்டு அவ்வளவு தூரம் நகராது. தோட்டக்காரர் வாங்க வேண்டியது நில அளவைச் சங்கிலி. அதற்கு லைசென்சும் வேண்டாம்.