எட்டு லட்சம் காவக்கூலி

எலே மக்கா, இங்கின வந்து இரி. அந்த செல்போன கொஞ்சம் கீழ வையி. ரோமாபுரி ஏன் விழுந்துதுன்னு ராத்திரி முச்சூடும் வீடியோ பாக்கியாமே? ஒருத்தன் ஈயக் குழாய்த் தண்ணியக் குடிச்சு விழுந்துதுங்கான். இன்னொருத்தன் கொசு கடிச்சு விழுந்துதுங்கான். ஜெர்மனியில டெமாண்ட்னு ஒரு வாத்தியாரு, ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் பெறக்கிச் சேத்து, 210 காரணம்னு 1984-ல புத்தகமே போட்டிருக்காரு. 211-ஆவது நீ ஒண்ணு சொல்லுவ போலருக்கு!

பாட்டாவுக்குத் தெரிஞ்சது ஒரே காரணம். தோப்புக்குக் காவல் வைக்கலாம். நாலு தேங்கா வெட்டி அவனுக்குக் கூலியும் குடுக்கலாம். ஆனா தோட்டியும் அருவாளும் அவன் கையில, நமக்கோ மரம் ஏற மறந்து போச்சுன்னா, பொறவு தோப்பு ஆருக்கு?

ரோமாக்காரன் செஞ்சது இதத்தான். வெளியாளுவளக் கூலிக்குப் பிடிச்சுப் பட்டாளம் கட்டினான். 476-ல அந்தப் பட்டாளம் இத்தாலியில நெலம் கேட்டுது. தரமாட்டோம்னாவ. பட்டாளத்துத் தலைவன் ஓடோவாக்கர் நாட்டையே எடுத்துக்கிட்டான். சிம்மாசனத்துல இருந்த ரோமுலஸ் சின்னப் பய. பாவம்னு உசிர விட்டு, பென்சனும் குடுத்து அனுப்பினான்.

கெழக்க கான்ஸ்டாண்டிநோபிள்ல ரோமுக்க மிச்சப் பாதி அதுக்குப் பொறவும் ஆயிரம் வருசத்துக்கு ஒட்டி இழுத்துக்கிட்டுக் கெடந்துது. ஊர்பான்னு ஒரு பீரங்கி வார்க்கவன் மொதல்ல அங்க இருந்த ராசாகிட்டதான் வேல கேட்டு வந்தான். சம்பளம் குடுக்க வக்கில்ல. அவன் நேர துருக்கி சுல்தான் மெஹ்மதுகிட்ட போயி நின்னான். 1453 மே 29-ல கோட்ட போச்சு. அந்த ராசா கையில அப்பம் இருந்தது என்ன? ஒரு ஊரும் கிரீஸ்ல ஒரு துண்டு நெலமும். பட்டம் என்ன தெரியுமா? ரோமானியருக்கெல்லாம் சக்கரவர்த்தி! ரோம் கைவிட்டுப் போயி எத்தனையோ நூறு வருசம் ஆச்சு லே.

சிரிக்காத. நம்ம வேணாட்டுக்க, அதான் திருவிதாங்கூருக்க, கத மட்டும் என்ன வாழுது?

1741-ல குளச்சல்ல டச்சுக்காரன் நம்மகிட்ட தோத்தான். பிடிபட்ட டிலனாய் கப்பித்தான நம்ம ராஜா மார்த்தாண்டவர்மா தூக்குலயா போட்டாரு? நம்ம பயக்களுக்குப் பீரங்கி வித்த சொல்லிக்குடுக்க வேலைக்கு வச்சாரு. அந்தாளு 1777-ல சாவது வரைக்கும் இங்கதான். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள்ள கெடக்கு, போயிப் பாரு. வித்த வெளியாளுக்கு உள்ளது, தோட்டி நம்ம கையில. அதாக்கும் புத்தி.

பொறவு வந்த ராஜாக்கமாருக்கு மைசூர் திப்பு சுல்தான் பயம். சும்மா சொல்லப்படாது, நியாயமான பயந்தான். 1788-ல வெள்ளக்காரன் கம்பெனிப் பட்டாளம் ரெண்டு வந்து எறங்கிச்சு, செலவு நம்ம தலையில. 1795-ல கம்பெனியோட ஒரு ஒப்பந்தம். 1805-ல இன்னொண்ணு: வருசத்துக்கு எட்டு லட்சம் ரூவா காவக்கூலி. திப்புதான் 1799-லயே செத்தாச்சே, பொறவு ஆருகிட்ட இருந்து காவலு? கேக்கப்படாது!

அந்த ஒப்பந்தத்து நாளுல தளவாயா இருந்தது ஆரு? நம்ம தலக்குளத்து வேலுத்தம்பி. கூலி பாக்கி விழுந்துது. கம்பெனி ரெசிடென்ட் மெக்காலே கழுத்தப் பிடிச்சாரு. தம்பிக்கு அப்பந்தான் உறைச்சுது. 1809 ஜனவரியில குண்டறையில விளம்பரம் போட்டு எதுத்து எந்திச்சாரு. பிப்ரவரியில கம்பெனிப் பட்டாளம் ஆரல்வாய்மொழி வழியா உள்ள வந்துட்டு. உதயகிரியும் போச்சு. தம்பி மண்ணடியில உசிர விட்டாரு. நல்ல வீரந்தான், ஆனா தோட்டியக் குடுத்துட்டுப் பொறவு மல்லுக்கு நின்னா என்ன செய்ய? மிச்சம் இருந்த நம்ம பட்டாளத்தையும் கலைச்சு விட்டாவ.

பலம் போச்சு. பட்டம் போச்சா? அங்கதான் கூத்தே. ஸ்ரீபத்மநாபதாச வஞ்சிபால குலசேகர கிரீடபதி மன்னே சுல்தான் மகாராஜ ராஜா ராமராஜ பகதூர் சம்ஷேர் ஜங்! மூச்சு முட்டுதா? அதுக்கு மேல வெள்ளக்காரன் 19 குண்டு முழங்கி மரியாத வேற செஞ்சான். கோட்டைய இடிக்க குண்டு அவனுக்கு, கும்பிடு வாங்குக குண்டு நமக்கு!

1949-ல திருவிதாங்கூரக் கொச்சியோட சேத்தாவ. 1956-ல நம்ம தாலுக்கா நாலும் தமிழ்ப் பக்கம் வந்துது. பத்மநாபபுரம் கொட்டாரம் மட்டும் இன்னும் கேரளா சர்க்காருக்க பொறுப்புல கெடக்கு. 1971-ல ராஜாக்கமாருக்க பென்சனும் நின்னுது. மக்கா, ராஜ்யம் கோட்ட விழுகிற அன்னைக்கா போவுது? காவக்கூலிக்குக் கையெழுத்து போட்ட அன்னைக்கே போயாச்சு. மிச்ச வருசமெல்லாம் மேளதாளம்.

இவ்வளவும் நடந்த மண்ணுல நின்னுக்கிட்டு 'ஆண்ட பரம்பரை'ன்னு பிளக்ஸ் வைக்கியே, எத ஆண்ட லே? வயலக் குத்தகைக்கு விட்டாச்சு. வீட்டுக்க வரிய எங்க கட்டணும்னுகூட ஒனக்குத் தெரியாது. அதுக்கும் ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு கமிசன். மீசைய மட்டும் நீயே முறுக்குக.

கூலிக்கு ஆள் வையி, தப்பில்ல. அவன் வராத அன்னைக்கு ஏறவும் படிச்சு வச்சுக்க. ஏறத் தெரியாதவன் பேருல பட்டா இருக்கலாம், தேங்கா அவனுக்கில்ல.