பிரேக் உதறல்

பிரேக்கை மிதித்ததும் ஸ்டீயரிங் இடமும் வலமுமாக நடுங்குவதும், பெடல் பாதத்தைத் திருப்பித் திருப்பித் தள்ளுவதும் பிரேக் உதறலின் அடையாளங்கள். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் இது நன்றாகத் தெரியும். வண்டி நிற்கப்போகும்போது உதறலும் தளர்ந்து, எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிடும். சக்கரம் சுற்றும் வேகத்தோடு உதறலும் ஏறி இறங்குவதுதான் முதல் தடயம். இதற்குள் பின்சீட்டில் இருப்பவர்கள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள்: ரோடு சரியில்லை, டயரில் காற்று குறைவு, வண்டி எடுத்த நாள் அஷ்டமி.

எல்லா உதறலும் கோளாறு அல்ல. ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஈரத்திலோ மணலிலோ ஓங்கி மிதித்தால் பெடல் வேகவேகமாக அதிரும், கர்ரென்று சத்தமும் வரும். சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. அப்போது பயந்து காலை எடுக்கக் கூடாது. பிரேக்கைத் தொடாதபோதே 80க்கு மேல் ஸ்டீயரிங் ஆடினால் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங். பிரேக்கின் மேல் பழி போடுவதற்கில்லை.

மிதிக்கும்போது மட்டும் உதறுகிறது என்றால், முன்னாலா பின்னாலா என்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். ஸ்டீயரிங் சும்மா இருக்க, சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். இந்தியாவில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஆளில்லாத நேர்சாலையில் 30, 40 வேகத்தில், பட்டனை அழுத்தியபடியே ஹேண்ட்பிரேக்கை மெதுவாக இழுத்தால் பின்பக்கம் மட்டும் வேலை செய்யும். அப்போதும் உதறினால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு இழுப்பது உத்தமம். சொல்லாமல் இழுத்தால் எழும் கூச்சலில் உதறலைக் கவனிக்க முடியாது.

முன் டிஸ்க் என்றால், ‘பெண்டு ஆயிருச்சு சார், மாத்திடலாம்’ என்பதுதான் ஊர்தோறும் கேட்கும் பதில். டிஸ்க் வார்ப்பிரும்பு, சூடுபட்டதும் நெளிந்துகொள்ள அது அப்பளம் அல்ல. பெரும்பாலும் கெடுவது அதன் கனம். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும் டிஸ்க், தடித்த இடம், இருபுறமும் கவ்வும் பேடுகளுக்கு நடுவே வரும்போதெல்லாம் காலிபரில் உள்ள பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ள, ஆயில் பெடலைத் தள்ள, பெடல் பாதத்தைத் தள்ளுகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும். தலைமுடியே இதைவிடத் தடிமன். இதை டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தே கண்டுபிடிப்பவர்களின் பார்வைக்குத் திருஷ்டி சுற்றித்தான் போட வேண்டும்.

கனம் மாறுவதற்கு முக்கியக் காரணம், டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருப்பது. டிஸ்க் மாட்டும் ஹப்பின் முகத்தில் ஒட்டிய துருத்துணுக்கு ஒன்று போதும். நடுவில் கடுகளவு சாய்வு, விளிம்புக்குப் போகும்போது பெரிதாகிவிடும். பிரேக் போடாதபோதும் அந்தக் கோணல் சுற்றுக்கு ஒருமுறை பேடை உரசிக்கொண்டே இருக்க, சில ஆயிரம் கிலோமீட்டரில் உரசிய இடம் மெலிந்துபோகிறது. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டினால் முதலில் வெண்ணெய்போல் நிற்கும். சில மாதத்தில் பழைய ஆட்டம் திரும்பிவிடும், திட்டு டிஸ்க்குக்குப் போகும்.

அடுத்த குற்றவாளி வீல் நட்டு. ஸ்டெப்னி மாற்றும்போது ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்து இறுக்குவது நம் ரோட்டோரத்துச் சம்பிரதாயம். முதல் நட்டுக்கு முழுபலம், கடைசி நட்டுக்கு மூச்சு வாங்கியபின் மிச்சமிருக்கும் பலம். இப்படி ஏற்றத்தாழ்வாக இறுக்கினால் டிஸ்க்கும் ஒருபக்கம் இழுபடும். நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் டேஷ்போர்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும்.

மலையிறக்கமும் ஒரு காரணம். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்தே இறங்கி, கொதிக்கிற டிஸ்க்கோடு செக்போஸ்டில் பெடலை அழுத்தியபடி நின்றால், பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் படிந்துவிடலாம். உரசி மெலிவதுபோல, படிந்து கனம் கூட இதுவும் ஒரு வழி.

சரிசெய்வது அளப்பதில் தொடங்குகிறது. சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளைப் போட்டு டிஸ்க்கை இறுக்கியபின், டயல் கேஜை விளிம்பருகே வைத்துச் சுற்றினால் கோணல் தெரியும். பல வண்டிகளுக்கு 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் கனம் பார்க்க வேண்டும். கோணல் மட்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளந்தால் பல சமயம் அதிலேயே தீர்ந்துவிடும். செலவு, அரைமணி நேர வேலைக் கூலி. கனம் மாறியிருந்தால் லேத்தில் கடையலாம். ஆனால் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது. போகும் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதுதான். வட்டம் கெட்ட டிரம்முக்கும் இதே நியாயம்.

புது டிஸ்க்கும் பேடும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். காலிச் சாலையில் 60லிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், மிதமாக மிதித்துக் குறைப்பதும், இடையில் ஆறவிடுவதுமாகப் பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் பேடின் பொருள் டிஸ்க் முழுக்கச் சமமாகப் படியும். பின்னால் யாரும் வராத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. காரணமே இல்லாமல் வேகம் கூட்டிக் குறைக்கும் வண்டியைப் பார்த்தால் முந்திப் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொல்லும் வார்த்தைகள் எந்த மேனுவலிலும் கிடையாது.